வாக்கா, அகமா?

போன் மாத்துறதுன்னாலே எனக்கு எரிச்சல். நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கும். பேசலாம், படம் பாக்கலாம், ஒரு குறையும் இருக்காது. திடீர்னு ஒரு நாள் "இந்த மாடல் இனிமேல் செல்லாது"ன்னு ஒரு தகவல் வரும். நல்லா கறக்கிற மாட்டை அடிமாட்டுக்கு ஏத்துங்கன்னு சொல்ற மாதிரி. எனக்கு அந்தத் தகவல் வந்தப்போ, போடா நீயும் உன் மாடலும்னு விட்டுட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரியிலருந்து ஆல்பர்ட் கூப்பிட்டாரு. உறுப்பு மாத்து சிகிச்சைக்கு அவருதான் அங்க பொறுப்பு. "உங்க பழைய போன்லருந்து வர்ற ஒப்புதலைச் சட்டம் ஏத்துக்காது மேடம். புதுசு வாங்கினாத்தான் உங்க தம்பி விஷயம் மேற்கொண்டு நகரும்"னு சொன்னாரு. செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

என் பேரு வாசுகி. திருச்சி உறையூர்ல பொம்பளைங்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறேன். கார் தானா ஓடுற காலத்துல இது எதுக்குன்னு கேப்பீங்க. தானா ஓடுற காரு பைபாஸ்ல சமர்த்தா ஓடும். பெரிய கடைவீதிக்குள்ள ஒரு மாடும் ரெண்டு தள்ளுவண்டியும் எதுக்க வந்துட்டா நடுரோட்டுல நின்னு அழும். அதனால ஊர்ல லைசென்ஸ் இன்னும் வேணும், நானும் வேணும். நாள் பூரா "பிரேக்கு, பிரேக்கு"ன்னு கத்துறதுதான் பொழப்பு. என் பேச்சு கொஞ்சம் தூக்கலா இருந்தா பொறுத்துக்குங்க.

என் தம்பி குணசீலன் பத்திரப் பதிவு ஆபீஸ்ல இருக்கான். ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். ஊசி குத்திக் குத்தி கையில ரத்தக்குழாயெல்லாம் அடைச்சுக்கிட்டே வருது. இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு டாக்டர் வாயைத் திறந்து சொல்லல. கேட்டா கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறாரு. நமக்குப் புரியாதா? எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பாத்ததுல என் கிட்னி அவனுக்கு அச்சாப் பொருந்துது. நான் குடுத்தா அவன் பொழைப்பான். வேற யாருதும் பொருந்தல.

அப்புறம் என்ன, குடுத்துட்டுப் போக வேண்டியதுதானேன்னு சொல்வீங்க. குடுக்கத்தான் போனேன். அங்கதான் போன் சனியன் குறுக்க வந்து உக்காந்துச்சு.

நம்ம வீட்டுப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நாம யாரும் எதையும் வாய்விட்டுக் கேக்க மாட்டோம். குடுத்தாலும் முதல் தடவை "வேண்டாம்"னுதான் சொல்வோம். சாப்பிடுங்கன்னா "இப்பத்தான் சாப்பிட்டேன்"னு சொல்றவனுக்கு வயிறு காஞ்சுபோய்க் கிடக்கும். ரெண்டாவது தடவை சொல்லணும். மூணாவது தடவை கையைப் பிடிச்சு உக்கார வைக்கணும். அப்பத்தான் தின்னுறவனுக்கும் மரியாதை, போடுறவளுக்கும் மரியாதை. ஒரு தடவை சொல்லிட்டு நிறுத்திக்கிட்டா, "ஒப்புக்குக் கேட்டா மகராசி"ன்னு ஊரே பேசும்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவன் வீட்டுக்குப் போய், "குணா, என் கிட்னியில ஒண்ணை எடுத்துக்கடா"ன்னேன். "அதெல்லாம் வேண்டாம்க்கா, நீ உன் உடம்பைப் பாரு"ன்னான். நான் ரெண்டாவது தடவை சொல்றதுக்கு வாயைத் திறக்கிறேன், மேசை மேல கிடந்த அவன் போன் "மறுப்பு பதிவாயிற்று"ன்னு அறிவிச்சுச்சு. அம்புட்டுத்தான். மறுநாளே ஆஸ்பத்திரியில என் பேரைத் தூக்கிட்டாங்க.

அவன் வச்சிருக்கிறது வாக்கு போன். இப்ப ஊர்ல இருக்கிறதே ரெண்டு வகைதான், வாக்கு, அகம். வெளிநாட்டுல வேற வேற பேராம், நம்ம ஊருக்குன்னு இப்படி வச்சிருக்கான். எனக்கு அதுவரைக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சாலை ரோட்டுல போன் கடையில நஸ்ரின்னு ஒரு பொண்ணு இருக்கா. என்கிட்ட வண்டி கத்துக்கிட்டவ. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா கண்ணை மூடிக்குவா, ஆனா போன் விஷயத்துல கெட்டிக்காரி.

"வாசுகிக்கா, வாக்கு எடுத்துக்கிறீங்களா, அகம் எடுத்துக்கிறீங்களா?"ன்னா.

"ரெண்டும் ஒரே மாதிரி கண்ணாடித் துண்டாத்தான் இருக்கு. என்னடி வித்தியாசம்?"

"உடம்பு, சொத்து, கல்யாணம், இந்த மூணு விஷயத்துலயும் இப்ப உங்க போன்தான் உங்களுக்காக ஒப்புதல் குடுக்கும், இல்லைன்னா மறுக்கும். கையெழுத்தெல்லாம் செல்லாது. வாக்கு போன், நீங்க வாயால என்ன சொல்றீங்களோ அதை மட்டும் எடுத்துக்கும். ஒரு தடவை முடியாதுன்னு சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது. அதையே அந்த ஆளு உங்ககிட்டத் திரும்பக் கேக்க முடியாது. நீங்களாத் திறந்து விட்டாத்தான் உண்டு."

"நேர்ல போய்க் கேட்டா என்ன பண்ணுமாம்?"

"வற்புறுத்தல்னு எழுதிக்கும். அப்படி எழுதினதுக்கு அப்புறம் அவரு சரின்னு சொன்னாலும் எந்த ஆஸ்பத்திரியும் தொடாது."

"நல்லாருக்கே கதை! ஒரு தடவை கேட்டா அது கேட்டதா? இதுக்கெல்லாம் ஒரு சட்டமா?"

நஸ்ரின் துடைச்சுக்கிட்டிருந்த போனைக் கீழ வச்சா. "அக்கா, எங்க தெருவுல ஒருத்தன் என் பின்னாடியே சுத்தினான். ஒரு தடவை முடியாதுன்னேன். அதோட சரி. அவன் போனே அவனை என் பக்கம் வர விடல. எங்கம்மா காலத்துல அப்படியா? பொண்ணு வேண்டாம்னா வேணும்னு அர்த்தம்னு ஊருக்கே சொல்லிக் குடுத்து வச்சிருந்தாங்கல்ல?"

அவ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. என்கிட்ட வண்டி கத்துக்க வர்ற பொண்ணுங்க முன்ன மாதிரி கண்ணாடியில பின்னாடி யாரு வர்றான்னு பாத்துக்கிட்டே ஓட்டறதில்ல. அது இந்தச் சட்டம் வந்ததுக்கு அப்புறம்தான்.

"சரி, அகம்னா?"

"அதோட ஒரு மோதிரம் வரும். நாடி, வேர்வை, குரல் எல்லாத்தையும் பாத்து, உங்களுக்கு உள்ளுக்குள்ள நெஜமா என்ன விருப்பமோ அதைச் சொல்லும். வாய் என்ன சொல்லுதுன்னு கண்டுக்காது. வற்புறுத்தல்னு ஒண்ணும் அதுல கிடையாது, எத்தனை தடவை வேணும்னாலும் கேக்கலாம். உள்ள இருக்கிறது தானா மாறினா அதுவும் மாத்திச் சொல்லும்."

"யாருடி இதை வாங்குறாங்க?"

"கவர்மென்ட் ஆபீஸ், கோர்ட்டு, பேங்க்காரங்க எல்லாம் வாக்கு. கல்யாணப் பேச்சுக்காரங்க, பார்ட்னர் வச்சு யாவாரம் பண்றவங்க அகம். மாமியார் மருமக ரெண்டு பேரும் அகம் வாங்கின வீட்டுல மட்டும் தனிக்குடித்தனம் போயிடறாங்க."

ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆல்பர்ட் எனக்கு ஒரு வழி சொல்லியிருந்தாரு. குடுக்கிறவங்க அகம் போன்லருந்து "நெஜமான விருப்பம்"னு ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னா, வாங்குறவங்க மறுத்திருந்தாலும் ஆஸ்பத்திரிக்காரங்களே ஒரு தடவை மறுபடி கேப்பாங்களாம். அதனால நான் யோசிக்கவே இல்ல. "அகத்தையே குடு. என் மனசுல என்னத்தை ஒளிச்சு வச்சிருக்கேன்"ன்னு விரலை நீட்டினேன்.

மோதிரம் ஜில்லுன்னு இருந்துச்சு. ஆஸ்பத்திரி விஷயத்தைப் போன் தானாவே எடுத்துக்கிச்சு. "தம்பி குணசீலனுக்குச் சிறுநீரகம் கொடுக்க விருப்பமா?"ன்னு கேட்டுச்சு. "விருப்பந்தான்"னு கடை பூரா கேக்கிற மாதிரி சொன்னேன்.

திரையில "விருப்பம் இல்லை"ன்னு வந்துச்சு.

"என்னடி இது? மிஷின் கோளாறா?"

நஸ்ரின் மோதிரத்தைத் துடைச்சு மறுபடி மாட்டிவிட்டா. மறுபடியும் அதுவே. வேற விரல்ல போட்டோம். அப்பவும் அதுவே. பக்கத்துல போனுக்கு உறை வாங்க வந்தவங்க எட்டிப் பாத்தாங்க. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்ச கதையாயிடுச்சு.

"ஆபரேஷன்னா பயம் இருக்கும்ல. அதைப் பாத்துட்டு உளறுது"ன்னேன்.

"பயத்தை அது தனியாக் காட்டும்க்கா" அவ குரல் இறங்கிப் போச்சு. "கீழ போட்டிருக்கு பாருங்க. பயம், கொஞ்சம்."

மோதிரத்தைக் கழட்டி வீசாத குறையா வச்சுட்டு வெளிய வந்து கார்ல உக்காந்தேன். ஸ்டார்ட் பண்ணல. அந்த மிஷினைத் திட்டினேன், அதைச் செஞ்சவனைத் திட்டினேன், சட்டம் போட்டவனையும் விடல. எல்லாரையும் திட்டி முடிச்சப்புறம் மிச்சம் இருந்தது நான்தான்.

உண்மையாவே எனக்குக் குடுக்க இஷ்டம் இல்ல. அதை எனக்கு நானே சொல்லிக்கிட்டதில்ல, அவ்வளவுதான். இருபது வயசுல கட்டிக்குடுத்தாங்க. அவருக்குப் பொங்கிப் போட்டேன், அவங்கப்பாவைப் படுக்கையில வச்சுப் பாத்தேன், ஒத்து வராம வெளிய வந்தேன், அம்மாவைக் கடைசிவரைக்கும் பாத்தேன். இப்பத்தான் எலி வளையானாலும் தனி வளைன்னு ஒரு வீடு, சொந்தமா ரெண்டு காரு. ராத்திரி எனக்குப் பிடிச்ச நேரத்துக்குச் சாப்பிடுறேன். என் உடம்பு எனக்கே எனக்குன்னு ஆனது இப்பத்தான். அதுல ஒரு துண்டை எடுத்துக்குடுன்னா மனசு குடுக்க மாட்டேங்குது. போன் பொய் சொல்லல. அந்தக் கோவத்துல ஸ்டீயரிங்கை ஒரு அடி அடிச்சேன், ஹாரன் அலறிச்சு, ரோட்டுல போன ஒரு ஆளு என்னை முறைச்சுட்டுப் போனாரு.

ஆனா ஒண்ணு. காலையில நாலரை மணிக்கு எழுந்திரிக்க எவளுக்கு விருப்பம்? எழுந்திரிக்காமயா இருக்கோம்? மாமனாருக்குப் பீ மூத்திரம் அள்ளினப்போ ஆசைப்பட்டா அள்ளினேன்? அன்னிக்கு இந்த மோதிரத்தை மாட்டியிருந்தா "விருப்பம் இல்லை"ன்னு எழுதியிருக்கும். அந்த மனுஷன் நாறிச் செத்திருப்பாரு. மனசு வந்தாத்தான் செய்யணும்னா உலகத்துல ஒரு வேலையும் நடக்காது. செய்ய ஆரம்பிச்சாத்தான் சில சமயம் மனசே வரும். சில சமயம் கடைசிவரைக்கும் வராது, அப்பவும் வேலை முடிஞ்சிருக்கும்.

இறங்கி மறுபடி கடைக்குள்ள போனேன். "எனக்கு வாக்கு குடுடி"ன்னேன்.

நஸ்ரின் வாக்கு டப்பாவை எடுத்துக் கையிலயே வச்சுக்கிட்டா. "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. உள்ள இல்லாததை வாயால சொன்னா அது பொய் இல்லையா?"

"சொல்லிட்டுச் செய்யாம விட்டாத்தான்டி பொய்."

"சரி. அந்த அகத்தை நீங்க வாங்கல, அதனால அது சொன்னது எங்கயும் பதிவாகல. உங்க பக்கம் வாய்ச்சொல் போதும். ஆனா தம்பி பக்கம் மூடிக்கிடக்கே, அதை என்ன பண்ணுவீங்க? அவரு வாக்குல இருக்கிற வரைக்கும் அவரே வாயைத் திறந்து 'எனக்கு வேணும்'னு சொன்னாத்தான் திறக்கும்."

"அவன் சொல்ல மாட்டான். செத்தாலும் கேக்க மாட்டான். எங்கம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி."

"அப்ப அவரு அகத்துக்கு மாறணும். உள்ளுக்குள்ள ஆசை இருந்தா அது தானா ஆஸ்பத்திரிக்குப் போயிடும்."

"பொழைக்க ஆசையில்லாதவன் உண்டா? ஒரு அகம் கட்டிக்குடு"ன்னேன்.

ரெண்டு போனையும் வாங்கிக்கிட்டு நேரா கே.கே. நகர்ல குணா வீட்டுக்குப் போனேன். அவன் பொண்டாட்டி பிரமிளாதான் கதவைத் திறந்தா. பள்ளிக்கூட டீச்சர். ரெண்டு வருஷத்துல பாதியாயிட்டா. "வாங்க அண்ணி"ன்னா. அவளும் கேக்க மாட்டா. "உங்க கிட்னியைக் குடுங்க"ன்னு நாத்தனார்கிட்ட எந்தப் பொம்பளை கேப்பா? என் கையைப் பிடிச்சவ விடவே இல்ல, அது ஒண்ணுதான் அவ கேட்டது.

குணா சாய்வு நாற்காலியில உக்காந்திருந்தான். கால் வீங்கிப்போய் ஸ்டூல் மேல கிடந்துச்சு. "என்னக்கா, ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாம்ல, எதாவது செஞ்சு வச்சிருப்பாளே"ன்னு மரியாதையாப் பேசினான்.

டப்பாவை நீட்டினேன். "உனக்குப் புது போன்டா."

"எனக்கு எதுக்குக்கா? வேண்டாம்."

"பிடிடா."

"ஆபீஸ்ல அகத்தை உள்ளயே விட மாட்டாங்கக்கா. நீயே வச்சுக்க."

"ஆபீஸ்ல அதை வை, வீட்டுல இதை வை. ஆசையா வாங்கிட்டு வந்திருக்கேன், மூஞ்சியில அடிக்கிறியா?"

வாங்கிக்கிட்டான். நல்ல வேளை, போன் குடுக்கிறதுக்கு ஒப்புதல் சட்டம் கிடையாது. மேசை மேலருந்த அவன் வாக்கை அணைச்சுட்டு, மோதிரத்தை நானே அவன் விரல்ல மாட்டிவிட்டேன். விரல் வீங்கி இருந்ததால கொஞ்சம் திருகித்தான் மாட்ட வேண்டியிருந்துச்சு. போன் கண்ணைத் திறந்ததும் கேட்டுச்சு. "முன்பு மறுத்த விஷயம் ஒன்று இருக்கிறது. அக்கா வாசுகியிடமிருந்து சிறுநீரகம் பெற விருப்பமா?"

குணா என்னைப் பாத்தான். "இதுக்குத்தான் வாங்கிட்டு வந்தியா?"

"ஆமா. இதுக்குத்தான்."

கழட்டிப் போட்டிருக்கலாம். போடல. "வேண்டாம்"னு மட்டும் சொன்னான். நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். வாய் என்ன வேணும்னாலும் சொல்லிக்கட்டும் ராசா, உள்ள இருக்கிறது இப்ப வெளிய வந்துரும்னு திரையையே பாத்துக்கிட்டிருந்தேன்.

"விருப்பம் இல்லை. பயம், இல்லை. தயக்கம், இல்லை."

பிரமிளா கட்டில் ஓரத்துல அப்படியே உக்காந்துட்டா. அன்னிக்கு அவன் சொன்ன வேண்டாம் நெஜமான வேண்டாம். உபசாரம்னு நான்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த வாக்கு போன்கூட அவன் சொன்னதைச் சரியாத்தான் எடுத்துக்கிட்டிருக்கு.

"ஏண்டா?"ன்னேன். குரல் எனக்கே கிறீச்சுன்னு கேட்டுச்சு. "செத்துத் தொலையலாம்னு முடிவே பண்ணிட்டியா? இவளை நினைச்சுப் பாத்தியா? என்னை நினைச்சுப் பாத்தியா?"

"சாக ஆசையில்லக்கா"ன்னான். அந்த மோதிரத்தைத் திருகிக்கிட்டே பேசினான். "எனக்குச் சீக்கு வந்ததுலருந்து ஒருத்தரும் என்கூடச் சண்டை போடறதில்ல. இவ குழம்புல உப்பே போடாம வைக்கிறா, நான் கத்தினா 'சரிங்க'ங்கிறா. ஆபீஸ்ல நான் தப்பாப் பதிஞ்சாலும் 'பரவால்ல சார்'ங்கிறாங்க. நீகூடத்தான். தீபாவளி அன்னிக்கு உன் கார் கதவை வேணும்னே ஓங்கிச் சாத்தினேன். முன்னாடியா இருந்தா என் பரம்பரையையே இழுத்திருப்ப. அன்னிக்கு 'பாத்துடா'ன்னு மட்டும் சொன்ன. எனக்கு அழுகையே வந்துருச்சு."

"உடம்பு சரியில்லாதவன்னு..."

"இப்பவே இப்படி. நீ கிட்னியும் குடுத்துட்டேன்னு வை, அப்புறம் நீ சாமி. உன் எதுக்க நான் காலம் பூரா கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கணும். நீ அம்மா திதியன்னிக்குச் சாம்பாரைக் கெடுத்து வச்சாலும் நல்லாருக்குன்னு சொல்லணும். யாராவது உன்னைப் பத்திப் பேசினா 'எனக்கு உசுரு குடுத்த தெய்வம்'னு சொல்லணும். அப்படி ஒரு உசுரு வேண்டாம்க்கா. வாய்க்குச் சொல்லல. நெஜமாவே வேண்டாம்."

சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். நான் பாவம்னு நினைச்சிருக்கணும். எனக்கு வந்தது கோவந்தான்.

"யாருடா தெய்வம்? இந்த எழவு எனக்கும்தான் வந்துச்சு!"

"எது?"

"அந்த 'விருப்பம் இல்லை'. கடையில நான்தான் முதல்ல அந்த மோதிரத்தை மாட்டினேன். தம்பிக்குக் குடுக்க விருப்பமான்னு கேட்டுச்சு. இல்லைன்னு வந்துச்சு. துடைச்சு மாட்டியும் இல்லை, விரல் மாத்தியும் இல்லை. கடைக்காரப் பொண்ணு எதுக்க மானம் போச்சு."

பிரமிளா தலையைத் தூக்கினா. குணா திரும்பிட்டான். "நெஜமாவா?"

"எனக்கு இஷ்டமே இல்லடா. என் வயித்தைக் கிழிக்கணும்னு நினைச்சாலே பத்திக்கிட்டு வருது. பிரஷர் மாத்திரையைப் போடுடான்னு எத்தனை தடவை சொன்னேன்? எனக்கு ஒண்ணுமில்லன்னு திமிராத் திரிஞ்சவன் நீ. ராத்திரி கடைப் பரோட்டாவும் சால்னாவும் இல்லாம தூக்கம் வராது துரைக்கு. நீ பண்ணின கூத்துக்கு என் உடம்புல ஏன்டா கத்தி வைக்கணும்?"

"பின்ன எதுக்கு வந்த?"

"குடுக்கணும்ல. அதனால வந்தேன்."

அவன் என்னையே பாத்துக்கிட்டிருந்தான். அகம் படிக்கிற மாதிரி அவனும் என் மூஞ்சியில எதையோ படிச்சான். தோள் லேசாக் குலுங்க ஆரம்பிச்சுச்சு. அழறான்னு நினைச்சேன். சிரிக்கிறான்.

"அப்ப மனசில்லாமத்தான் குடுக்கப்போற."

"ஆமாடா."

"குடுத்துட்டுச் சொல்லிக்காட்டுவியா?"

"சாகுற வரைக்கும் சொல்லிக்காட்டுவேன். வீட்டுக்கு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவேன்."

"நான் திருப்பிக் கத்துவேன்."

"கத்திப் பாரு, அன்னிக்கு இருக்கு உனக்கு."

"அண்ணி..." பிரமிளா என் முழங்கையைத் தொட்டா. அவ பாத்துக்கிட்டிருந்தது குணாவோட புது போனை. யாரும் அதுகிட்ட எதுவும் கேக்கல, யாரும் எதுவும் சொல்லல. திரை தானா மாறியிருந்துச்சு. "விருப்பம் உள்ளது."

அடுத்த நிமிஷமே ஆல்பர்ட் அந்தத் திரையிலயே வந்துட்டாரு. அகத்துலருந்து அவருக்கு நேராப் போயிருக்கு. "சார் பக்கம் திறந்தாச்சு. இப்ப மேடம் சொல்லணும். வாக்குல இருக்கீங்க, ஒரு தடவைதான் கேப்பேன். உங்க தம்பிக்குச் சிறுநீரகம் குடுக்கச் சம்மதமா?"

புது போன் என் மடியில கிடந்துச்சு. "சம்மதம்"னேன். "ஒப்புதல் பதிவாயிற்று"ன்னுச்சு. அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைச்சுது. அதுவரைக்கும் அவன் வேண்டாம்னு சொல்லிக்கிட்டிருந்தான், எனக்கும் தைரியமா இருந்துச்சு. இனிமே உண்மையிலேயே படுக்கணும், உண்மையிலேயே கத்தி வைப்பாங்க. அப்படி ஒரு பயம் என் ஆயுசுல வந்ததில்ல. வெளிய காட்டிக்காம உக்காந்திருந்தேன்.

ஆல்பர்ட் எனக்குத் தைரியம் சொல்ல நினைச்சாரு போல. "கவலைப்படாதீங்க மேடம். ரெண்டுல எது நல்லா வேலை செய்யுதோ, அதை உங்ககிட்டயே விட்டுடுவோம். கொஞ்சம் சுமாரா இருக்கிறதைத்தான் எடுப்போம். குடுக்கிறவங்களுக்குத்தான் நல்லது, அதுதான் முறை."

"என்னது?"ன்னு குணா ஸ்டூல்லருந்து காலைக் கீழ இறக்கினான். "சுமாரானதா? அதானே பாத்தேன்! சின்ன வயசுலருந்து இவ இதைத்தான் பண்றா. நல்லதைத் தனக்கு வச்சுக்கிட்டு சொத்தையை என் தலையில கட்டுறது!"

"டேய், தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறியா?"

"பாப்பேன். எனக்கு வைக்கிறதை நான் பாக்காம பக்கத்து வீட்டுக்காரனா பாப்பான்?"

"சுமாரானதே உனக்கு அதிகம்டா! உனக்கெல்லாம் பாதி போதும்!"

"சார்... மேடம்..." ஆல்பர்ட்டுக்கு என்ன பண்றதுன்னே தெரியல. "உங்களுக்குள்ள பிரச்சினை இருந்தா நாளைத் தள்ளி வைக்கலாமா? வற்புறுத்தல் ஏதாவது..."

"ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார், சீக்கிரமா நாள் குறிங்க"ன்னு பிரமிளா அவன் மடியிலருந்த போனைப் பிடுங்கிக்கிட்டா. அவ யார்கிட்டயும் எதையும் கேட்டு நான் பாத்தது அதுதான் முதல் தடவை. ஆல்பர்ட் நாள் சொன்னாரு. குறிச்சுக்கிட்டு எழுந்துபோய், பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதேன்னு ஜன்னலைச் சாத்தினா. சாத்தும்போதே அழுதுட்டா. குணா அதைக்கூடக் கவனிக்கல. எழுந்து நின்னு, எடுக்கப்போறது இடது பக்கமா வலது பக்கமான்னு என்கிட்டச் சண்டை போட்டுக்கிட்டிருந்தான்.